மூட்டத்தில் பணம் போட்டவள்

அவள் சிரிக்க ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்று காதை விடைக்கும். முதலில் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அப்புறம் தொண்டைக்குள் ஏதோ இழுத்து இழுத்து விடும், மழையில் நனைந்த ஸ்கூட்டரை யாரோ உதைத்துக்கொண்டிருப்பதுபோல. நாலாவது உதையில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் அவ்வளவுதான், அணைக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் மோட்டார். கல்யாணமான புதிதில் அவள் தம்பி போட்டுக்கொடுக்க, அன்றிலிருந்து கணவனும் கொஞ்சலுக்கும் கோபத்துக்கும் அதே பெயரை வைத்துக்கொண்டான்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை ஒரு காது டாக்டரின் கிளினிக்கில். வந்தவர்களைச் சத்தம் புகாத சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து கொசு முனகுவதுபோல ஓர் ஒலியை அனுப்புவாள். கேட்டால் அவர்கள் விரலைத் தூக்க வேண்டும். ஒலியை இன்னும் குறைப்பாள். விரல் எழாத இடம் வரைக்கும் குறைத்துக்கொண்டே போவாள். வேலை நேரத்தில் அவள் செருமக்கூட மாட்டாள். செருப்பைக்கூட ஓசை வராததாகப் பார்த்துத்தான் வாங்குவாள்.

அடக்கி வைத்ததையெல்லாம் வீட்டுக்கு வந்து வீடியோ கேமில் தீர்த்துக்கொள்வாள். நாற்பதை எட்டிப் பிடிக்கப் போகிற வயதில் இது என்ன பழக்கம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "நீங்க கதையை வெளிய உக்காந்து பாக்கறீங்க. நான் உள்ள போய்ட்டு வர்றேன்."

கணவன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் மாடி மாடியாக அலைந்துவிட்டு வந்து, அவள் விளையாடுவதைப் பார்த்தபடியே சோபாவில் தூங்கிப்போவான். அந்த சோபாவின் நடுவில் ஒரு ஸ்பிரிங் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரத் துடித்துக்கொண்டிருந்தது. அதை மாற்றக் கொஞ்சம் பணம் எடுத்து வைத்திருந்தார்கள்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்தது. திரை முழுக்க வெள்ளை. படம் வரவில்லை போலிருக்கிறது என்று மூடப் போனாள். அதற்குள் காதில் ஏதோ விழுந்தது. இடப்பக்கம் எங்கேயோ தண்ணீர் பாறையில் மோதுகிறது. தலைக்கு மேலே ஒரு கயிறு முறுக்கிக்கொண்டு கிரீச்சிடுகிறது. வலப்பக்கம், வெகு தூரத்தில், ஒரு மணி. அந்த மணிச்சத்தம் மெல்ல மெல்ல முன்னால் வந்தது. நேர் எதிரே வந்ததும் வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கோபுரத்தின் உச்சி, கையை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில், திடீரென்று முளைத்து நின்றது.

அவள் மென்றுகொண்டிருந்ததை விழுங்க மறந்துபோனாள்.

கேமின் பெயர் 'மூட்டம்'. பலூனில் தபால் கொண்டுபோகிற கதை. தீவுக்குத் தீவு பறக்க வேண்டும், ஆனால் எங்கும் பனி மூடியிருக்கும், கண்ணை நம்பிப் பிரயோஜனமில்லை. காதை வைத்துக்கொண்டுதான் வழி கண்டுபிடிக்க வேண்டும். செய்கிறவர்கள் மூன்று பேர்: படம் வரைகிற ஒரு பெண், ஒலி அமைக்கிற ஒருவர், புரோகிராம் எழுதுகிற ஒரு தாடிக்காரர். அவர்களுக்கு முதலாளி கிடையாது. அதனால் கிரவுட் ஃபண்டிங் முறையில் பொதுமக்களிடம் கேட்டார்கள். குறித்த நாளுக்குள் குறித்த தொகை சேர்ந்தால் கேம் செய்வார்கள். சேராவிட்டால் எல்லார் பணமும் அப்படியே திரும்பிப் போய்விடும். கொஞ்சம் போட்டால் கேம் கிடைக்கும். நிறையப் போட்டால், பட்டியலில் மேலேயிருந்து இரண்டாவது வரி: உங்கள் குரல் விளையாட்டுக்குள் ஒலிக்கும்.

டப்பாவை மூடுவதற்குள் அவள் பணம் கட்டி முடித்திருந்தாள்.

"சோபா காசுல பாதிக்கு மேல போயிடுச்சு," என்றாள் அன்று சாயங்காலம், கணவன் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது.

"சோபா வாங்கிட்டியா?"

"இல்ல. கேமு."

"எங்க, காட்டு."

"இன்னும் செய்யல."

அவன் ஒரு காலில் ஷூவோடு நிமிர்ந்தான். "செய்யாத கேமுக்கா காசு குடுத்தே?"

"செய்யறதுக்குத்தாங்க குடுத்தேன்."

விஷயம் தம்பிக்குப் போனது. ஒரு சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் அவன். இந்த மாதிரிக் காரியங்களில் சூடுபட்ட அனுபவசாலி. முன்பொரு தடவை அவன் பணம் போட்ட விண்வெளிக் கேம் வரவே இல்லை, பனியன் மட்டும் வந்தது. நெஞ்சில் ராக்கெட், முதுகில் 'நானும் பறந்தேன்'. அதைப் போட்டுக்கொண்டேதான் அக்காவுக்குப் புத்தி சொல்ல வந்தான்.

"அக்கா, இது கடை இல்ல. அவங்க ஆசைக்கு நீ பெட்ரோல் போடறே. வண்டி ஊர் போய்ச் சேருமா, பாதியில நிக்குமான்னு ஓட்டறவனுக்கே தெரியாது."

"அப்போ நீ ஏன்டா போட்டே?"

"போட்டதாலதான் சொல்றேன். நாலு வருஷம் ஆச்சு. பனியன் சாயம் போயிடுச்சு, ராக்கெட் இன்னும் கிளம்பல."

ஆனால் கெடு முடிகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவன் அவன்தான். டிவி திரையில் அந்தப் பக்கத்தைப் போட்டுவைத்திருந்தார்கள். பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகர வேண்டும். முக்கால்வாசிக்கு மேல் வந்து, அங்கேயே படுத்துக்கொண்டது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நகத்தைக் கடித்தாள். கணவன் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோலச் செய்தித்தாளைப் பிரித்து வைத்திருந்தான், ஆனால் பக்கம் திரும்பவில்லை.

வெயில் இறங்க இறங்க கோடு அசைய ஆரம்பித்தது. யாரென்றே தெரியாத ஆட்கள், எந்தெந்த ஊரிலிருந்தோ, ஒவ்வொருவராக வந்து விழுந்தார்கள். ஒரு பெயர் தோன்றும், கோடு ஒரு மயிரிழை நகரும். அடுத்த பெயர். அவள் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டாள். கணவன் செய்தித்தாளைக் கீழே போட்டுவிட்டு, "இன்னும் எவ்வளவு?" என்றான், பதில் எதிரே எழுதியிருந்தும்.

கெடுவுக்கு ஐந்து நிமிஷம்கூட இல்லை. கோட்டுக்கும் கரைக்கும் நடுவே சின்ன இடைவெளி. அவ்வளவு சின்னது, ஆனால் யாரும் வரவில்லை. பக்கத்தைப் புதுப்பித்தாள். வரவில்லை. மறுபடி புதுப்பித்தாள்.

"நான் இன்னும் கொஞ்சம் போடட்டுமாங்க?" என்றாள்.

கணவன் அவள் போனை எடுத்து நீட்டினான். "போடேன்," என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் கோடு எகிறிக் குதித்து வலது ஓரத்தில் முட்டியது. பக்கம் முழுக்கக் காகிதத் துணுக்குகள் பறந்தன. கீழே கடைசியாகச் சேர்ந்தவரின் பெயர்: 'பனியன் மட்டும்'.

இரண்டு பேரும் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் போனைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சும்மா... கேமை மட்டும் தர்ற சின்னத் தொகை," என்றான். "இவ்வளவு தூரம் வந்துட்டு ஓரத்துல நின்னா எனக்கு ஆகாது, மாமா. லோடு ஏத்தும்போதும் அப்படித்தான்."

அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்றது.

குரலைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லி அடுத்த மாதமே தகவல் வந்தது. பேச வேண்டிய வரியும் வந்தது: 'கரை வலப்பக்கம் இருக்கு. பயப்படாம வாங்க.' ஒரு கலங்கரை விளக்கத்தின் காவல்காரி சொல்கிற வசனம். சத்தமில்லாத இடத்தில் பதிவு செய்யுங்கள் என்றிருந்தது. சத்தமில்லாத இடத்துக்கு அவளுக்கா பஞ்சம்? டாக்டரம்மாவிடம் அனுமதி கேட்டாள். "கேமுக்குக் குரலா? எனக்கும் ஒரு வேஷம் இருந்தா சொல்லு," என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார் டாக்டரம்மா.

கிளினிக் மூடிய பிறகு கணவனும் அவளும் அந்தச் சின்ன அறைக்குள் நுழைந்தார்கள். நோயாளி நாற்காலியில் அவன், அவனுக்கு எதிரே மைக்கைப் பிடித்துக்கொண்டு அவள். கதவைச் சாத்தியதும் உலகமே வாயை மூடிக்கொண்டது. அவள் தொண்டையைச் சரிசெய்து, கவர்மென்ட் அறிவிப்பு மாதிரி வசனத்தைச் சொன்னாள். இரண்டாவது தடவை கொஞ்சம் இளகிச் சொன்னாள். மூன்றாவது தடவை நன்றாக வந்தது. கரையில் நிற்கிற ஒருத்தி நிஜமாகவே யாருக்கோ சொல்வதுபோல இருந்தது.

அப்போது கணவன், முகத்தை ஒரு பாவமும் இல்லாமல் வைத்துக்கொண்டு, பரிசோதனைக்கு வந்தவனைப்போல மெதுவாக ஒரு விரலைத் தூக்கினான்.

தோள் குலுங்கியது. ஒரு உதை, இரண்டு உதை. வாயைப் பொத்திக்கொண்டாள். பயனில்லை. அந்த அறையில் எதிரொலி கிடையாது, அதனால் அவள் சிரிப்பு முதன்முதலாக அவளுக்கே அப்பட்டமாகக் கேட்டது. அது இன்னும் சிரிப்பு மூட்டியது. ஒருவழியாக அடங்கியதும், வேர்த்து விறுவிறுத்து, பதிவை நிறுத்தி, அன்றைக்கே அனுப்பிவிட்டாள். பதிவின் வாலில் ஒட்டிக்கொண்ட சிரிப்பை வெட்ட வேண்டும் என்பது அனுப்பி ஒரு வாரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. அவர்கள் வெட்டிக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டாள்.

ஒரு வருஷத்தில் கேம் வரும் என்றிருந்தார்கள். முதல் ஆறு மாதம் தேன்நிலவு. வாரம் தவறாமல் சேதி வரும்: இதோ பலூனின் தையல், இதோ தபால்காரனின் தொப்பி, இதோ ஆட்டு மந்தையின் கழுத்துமணிகளைப் பதிவு செய்யப்போய் ஒலிக்காரர் சேற்றில் விழுந்த படம். அவள் ஒவ்வொன்றையும் கணவனிடம் ஓடிப்போய்க் காட்டுவாள். எட்டுத் தீவு என்றது பன்னிரண்டு தீவாயிற்று. "பாத்தீங்களா, நாம குடுத்ததுக்கு மேலயே செய்றாங்க," என்றாள். தம்பி மட்டும் உதட்டைப் பிதுக்கினான். "தீவு கூடுதுன்னா நாளும் கூடும்க்கா. என் ராக்கெட்டுலயும் முதல்ல கிரகத்தைத்தான் கூட்டினாங்க."

வருஷம் முடிந்தது. இன்னும் மூன்று மாதம் என்றார்கள். அப்புறம் கோடைக்குள் என்றார்கள். எந்தக் கோடை என்று சொல்லவில்லை. வாராந்தரச் சேதி மாதாந்தரமாகி, பிறகு அதுவும் நின்றது. அந்தப் பக்கத்தின் கீழே பணம் போட்டவர்கள் எழுதுகிற இடம் சந்தைக்கடையாகிவிட்டது. திருடர்கள் என்றார் ஒருவர். வழக்குப் போடலாம் என்றார் இன்னொருவர். ஒரு மனிதர் தினமும் காலையில் 'கேம் எங்கே' என்று இரண்டே வார்த்தை எழுதிவிட்டுத்தான் பல் துலக்கப் போவார்போல. அவள் எதுவும் எழுதவில்லை. ஆனால் தினமும் போய்ப் பார்ப்பாள். கணவன் சோபாவில் உட்காரும்போதெல்லாம் ஸ்பிரிங்கைத் தவிர்க்க ஒருக்களித்து உட்காருவான். அவன் ஒன்றும் சொல்லமாட்டான். சொல்லாததுதான் அவளைக் குத்தியது.

இரண்டாம் வருஷம் பாதியில் தாடிக்காரரிடமிருந்து நீளமாக ஒரு சேதி வந்தது. அவள் அதைச் சமையலறையில் நின்றுகொண்டே சத்தமாகப் படித்தாள். ஒலிக்காரர் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார், தன் சத்தங்களையும் எடுத்துக்கொண்டு. ஓவியக்காரிக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது, நல்லபடியாகத்தான் போனார். இப்போது இருப்பது நான் ஒருவன் மட்டும். பன்னிரண்டு தீவு என்று சொன்னது என் புத்திகெட்டதனம். என்னால் நாலு தீவுதான் முடியும், அதுவும் இன்னும் ஆறு மாதம் ஆகும். மீதிப் பணத்தைப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு தரலாம். வேண்டுமென்பவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள், குறை சொல்லமாட்டேன். விட்டுவைக்கிறவர்களின் பணத்தில் முடிக்கப் பார்க்கிறேன்.

"கிடைக்கிறத வாங்கிடு, மோட்டாரு," என்றான் கணவன். "எங்க வேலையிலயும் இப்படித்தான். ஒருத்தன் மட்டும் நின்னு லிஃப்ட் மாட்டவே முடியாது."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு அந்தச் சேதியை மறுபடியும் படித்தாள், இந்த முறை மனசுக்குள். பிறகு சொன்னாள்: "இத்தனை நாளா வர்ற சேதியெல்லாம் இது வரும், அது வரும்னுதாங்க சொல்லிச்சு. இன்னைக்குத்தான் முதல் தடவையா எது முடியாதுன்னு சொல்லியிருக்கார். எனக்கு இப்பதான் நம்பிக்கை வருது."

"அதுக்கு?"

"விட்டு வைக்கறேன்."

"உன் இஷ்டம்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்று சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

தம்பியைக் கேட்டதற்கு, "எனக்கு வர்ற பங்குல ஒரு டீ குடிக்கலாம். டீயை அந்த ஆளே குடிக்கட்டும்," என்றான்.

ஆறு மாதம் என்றது எட்டானது. ஒரு சனிக்கிழமை காலை, ஒரு பெரியவரின் காதில் அவள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டிருந்தபோது பையிலிருந்த போன் அதிர்ந்தது. இடைவேளையில் எடுத்துப் பார்த்தாள். இரண்டே வரி. 'மூட்டம் முடிந்தது. இறக்கிக்கொள்ளுங்கள்.' அவள் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஓசையில்லாத செருப்போடு ஓசையில்லாமல் இரண்டு குதி குதித்தாள்.

மத்தியானம் மூன்று பேரும் டிவி முன்னால். திரைச்சீலைகளை இழுத்துவிட்டாயிற்று. அவள் இரண்டு ஸ்பீக்கர்களையும் சுவரை விட்டுத் தள்ளி, சோபாவைப் பார்த்துத் திருப்பி, நடுவில் உட்கார்ந்து காதால் அளந்து, வலதை இன்னும் ஒரு சாண் நகர்த்தச் சொன்னாள். கணவன் நகர்த்தினான். ஃபேனை நிறுத்தச் சொன்னாள். தம்பி எழுந்து நிறுத்தினான்.

திரை வெளுத்தது. கயிறு கிரீச்சிட்டது. அவள் முழங்கை ரோமமெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

முதல் தீவு சொக்கவைத்தது. இரண்டாவது தீவில் தபால்காரன் ஒரு கதவுக்குள் நுழைந்ததும் தரை வழியாக விழுந்து, தொப்பி மட்டும் மேலே மிதந்தது. "ஒத்தை ஆள் வேலை," என்றான் தம்பி. மறுபடி முதலிலிருந்து வந்து, கதவைத் தவிர்த்து ஜன்னல் வழியாகப் போனார்கள். அவளுடைய கலங்கரை விளக்கம் எங்கேயாவது வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். வரவில்லை.

மூன்றாவது தீவுக்கான பயணத்தில் எல்லாம் மாறியது. இரண்டு பக்கமும் பாறை, அலை மோதும் சத்தம் ரொம்பப் பக்கத்தில். காற்று பலூனைத் தள்ளுகிறது. அப்போது பனிக்குள்ளிருந்து ஏதோ ஒன்று மூச்சு இழுத்தது. வீடே அதிர்கிற மாதிரி அடித்தொண்டைச் சத்தம். இழுத்தது, விட்டது. இழுத்தது, விட்டது.

"திருப்புக்கா, திருப்பு, அது வருது," என்று தம்பி கால்களை சோபா மேல் தூக்கிக்கொண்டான்.

அவள் திருப்பினாள். பாறையில் மோதிப் பலூன் கிழிந்தது. மறுபடி. இந்த முறை மேலே ஏறித் தப்பப் பார்த்தாள். அங்கேயும் பாறை. மூன்றாவது முறை விளக்கை அணைத்துவிட்டு ஒளிந்து நின்றாள், காற்று தள்ளிக்கொண்டு போய் மோதியது. உள்ளங்கை வேர்த்து கன்ட்ரோலர் வழுக்கியது.

நாலாவது முறை அந்தச் சத்தம் கிளம்பியபோது கணவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஒரு நிமிஷம். இது நீ."

"எது நான்?"

"இந்தப் பூதம். இது உன் சிரிப்பு."

"போங்க, உங்களுக்குக் கிண்டலுக்கு நேரங்காலமே கிடையாதா?"

"மோட்டாரு, இத்தனை வருஷமா தினம் கேக்கறேன். எண்ணிப் பாரு. ஒரு உதை... ரெண்டு... மூணு... இப்ப புடிக்கும் பாரு."

நாலாவதில் பிடித்தது. மெதுவாக ஓடவிட்டு, ஆழமாக்கி, மலையளவு பெரிதாக்கியிருந்தார்கள். ஆனாலும் அதே உதை, அதே ஓட்டம். தம்பி வாயைப் பிளந்தான். அவளுக்கு முகம் கொதித்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து வெளியாட்கள் முன்னால் கைக்குட்டையால் பொத்திவந்த சிரிப்பை யாரோ எடுத்து ராட்சசனுக்கு மாட்டி, முன்பின் தெரியாத ஆயிரம் வீடுகளில் அலறவிட்டிருக்கிறார்கள். பணமும் கொடுத்து, காத்திருந்து, கடைசியில் பூதம். கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள்.

வைத்தவள் தலையைச் சாய்த்தாள். கை சும்மா இருந்ததால் இப்போதுதான் காது முழுசாக வேலை செய்தது.

"இருங்க," என்றாள். "அது நம்மள துரத்தல."

"பின்ன?"

"சத்தம் பெரிசாகல. முன்னால நகருது. அது போற பக்கம் கேளுங்க, அலைச்சத்தமே இல்ல. அங்க பாறை கிடையாது." அவள் கன்ட்ரோலரை எடுத்தாள். "அது வழி காட்டுது."

பலூனைப் பூதத்தின் பக்கம் திருப்பினாள். தம்பி தலையணையை அணைத்துக்கொண்டான். சத்தம் வலப்பக்கம் போனால் வலப்பக்கம், தாழ்ந்தால் தாழ்ந்து. ஒரு தடவை அவள் தயங்கிப் பின்தங்கியபோது அதுவும் நின்று, மறுபடி முதல் உதையிலிருந்து ஆரம்பித்தது, வா என்பதுபோல. பாறைகளின் சத்தம் இரண்டு பக்கமும் விலகி, தேய்ந்து, பின்னால் போனது. காற்று நின்றது. பனி விலகியது.

எதிரே, சாயங்கால வெளிச்சத்தில், தீவு அளவுக்கு ஒரு ஜீவன் வானத்தில் மிதந்துகொண்டிருந்தது. முதுகெல்லாம் பாசி, பாசியில் பறவைக் கூடுகள். அது திரும்பி ஒரு சின்னக் கண்ணால் பலூனைப் பார்த்துவிட்டு, அவள் சிரிப்பைச் சிரித்துக்கொண்டே மேகத்துக்குள் இறங்கிப்போனது.

தம்பி தலையணையை மெல்ல இறக்கி வைத்தான். பிறகு சொன்னான்: "அக்கா, நீ ரொம்ப அழகா இருக்கே."

இன்ஜின் பிடித்துக்கொண்டது. அணைய வெகு நேரம் ஆனது. கணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், சிரித்துத்தான் என்று சொல்லிக்கொண்டான்.

அன்றைக்கே அவள் தாடிக்காரருக்கு எழுதினாள். கோபமாக ஆரம்பித்து, பாதியில் கோபம் காணாமல் போன மாதிரி ஒரு கடிதம். மறுநாள் அவரே வீடியோவில் அழைத்தார். தாடி நெஞ்சுவரை வளர்ந்திருந்தது, கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"உங்களைக் கேட்டிருக்கணும். தப்புதான்," என்றார் முதலில். "கேட்டா வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயம்."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"தெரியும். ஒலிக்காரர் போனப்ப அந்த மிருகத்தோட குரலையும் எடுத்துட்டுப் போயிட்டார். கையில இருந்த ஒவ்வொரு ஃபைலா தேடினேன். உங்களோடதுல வசனம் முடிஞ்சதும் நிறுத்த மறந்துட்டீங்க. அந்த அறை எங்கங்க? எதிரொலியே இல்ல. எவ்வளவு இழுத்தாலும் உடையல." அவர் தலையைச் சொறிந்தார். "உண்மையைச் சொல்லணும்னா, அதுவரைக்கும் அது துரத்துற மிருகம்தான். உங்க சிரிப்பைப் போட்டதும் துரத்த மாட்டேன்னுடுச்சு. கதையை மாத்திட்டேன்."

"அப்போ என் வசனம்? கரை வலப்பக்கம்?"

"அது வெட்டின எட்டுத் தீவுல போயிடுச்சு. மன்னிச்சிடுங்க."

'மூட்டம்' பெரிய வெற்றி ஒன்றும் இல்லை. சின்னக் கேம், முடிவு பொசுக்கென்று வருகிறது, தரை வழியாக விழுகிறோம் என்று எழுதினார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அதே ஆட்கள் கடைசி வரியில் அந்தச் சிரிப்பைப் பற்றி எழுதாமல் விடவில்லை. 'கேம் எங்கே' மனிதர்கூட ஒருநாள் காலையில் எழுதினார்: 'கிடைத்தது.'

ஒருநாள் கிளினிக்கில், பரிசோதனைக்கு வந்திருந்த ஒரு பள்ளி வேன் டிரைவர் வெளியே காத்திருந்தார். உள்ளே டாக்டரம்மா ஏதோ சொல்ல, அவள் தன்னை மறந்தாள். நாலாவது உதை கேட்டதும் அந்த மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து, கதவருகில் வந்து நின்றார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பாறை இடுக்குல... அது நீங்களா?"

அவள் வாயைப் பொத்தப்போன கையைப் பாதியில் இறக்கினாள். "நான்தான்."

"எனக்கு ஒரு காது மந்தம். அதான் இங்க வந்தேன். எல்லா இடத்துலயும் மோதினேன், உங்க சத்தம் மட்டும் எப்படியோ புடிபட்டுது." அவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவே இல்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

இப்போது தாடிக்காரர் ஐந்தாவது தீவைச் செய்துகொண்டிருக்கிறார். அதற்குப் பணம் கேட்கவில்லை. வருமா வராதா என்றும் சொல்லவில்லை. அரைகுறையாக இருக்கிறது, விளையாடிப் பார்த்து எங்கே உடைகிறது என்று சொல்லுங்கள் என்று கொஞ்சம் பேருக்கு அனுப்பினார். ஒரு விடுமுறை நாள் காலை, கணவன் கன்ட்ரோலரை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "இந்தத் தடவை நான் ஓட்டறேன். நீ கேட்டுச் சொல்லு." தம்பி தரையில் சம்மணம் போட்டு, உடைகிற இடங்களைக் குறித்துக்கொள்ளக் காகிதமும் கையுமாக உட்கார்ந்தான். தாடிக்காரர் போனில் லைனில் இருந்தார், அவர் பக்கம் கெட்டில் கொதிக்கிற சத்தம் கேட்டது.

திரை வெளுத்தது. எங்கேயோ தண்ணீர் சொட்டியது. அதற்கும் பின்னால், இதுவரை அவள் கேட்டிராத ஏதோ ஒன்று, உலோகத்தில் உலோகம் உரசுவதுபோல.

"அது என்னங்க?" என்றாள் போனைப் பார்த்து.

"சொல்ல மாட்டேன்," என்றார் தாடிக்காரர்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இடப்பக்கம்," என்றாள் கணவனிடம். "மெதுவா. இன்னும் கொஞ்சம் கீழ."